வடலி

நாலுமுக்கில் ஊன்றிய ஒன்பது கொட்டையில்
எட்டு செத்தது.
மிச்சம் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.
எட்டையும் தொடாமல் அங்கே போக வழியில்லை.

திசையன்விளைத் தேரியில் பொறுக்கியவை.
சாக்கில் கட்டி, கல்லிடைக்குறிச்சியில் பஸ் மாறி,
மணிமுத்தாறு சோதனைச்சாவடியில்
'உள்ள என்ன?' என்றவரிடம்
'மாமியாருக்கு மருந்து' என்று சொல்லிக்
கொண்டுவந்து சேர்த்தேன்.
பனங்கொட்டைக்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.
ஏனோ சொன்னேன்.

லயன் வீட்டுக்குப் பின்னால் குழி.
ஆலைச் சாம்பல், மாட்டுச் சாணி.
'ஏட்டி ரூபவதி, இந்தக் குளுருக்கு
பூண்டே நடுங்குது, பனை எங்கட்டி நிக்கும்?'
என்றார் பாய்லர் பார்க்கும் சொரிமுத்து.
என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கொட்டையை மட்டும் குதிகாலால் அமுக்கிவிட்டு
ஷிப்டுக்குப் போய்விட்டார்.

பனை முதலில் கீழே போகும்.
கிழங்கு ஒரு முழம் இறங்கின பிறகுதான்
மேலே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும்.
தேரியில் பிறந்தவளுக்கு இது தெரியும்.
தெரிந்தும் வாரம் ஒருமுறை தோண்டிப் பார்த்தேன்.
இரண்டைக் கொன்றது நான்.
ஒன்றை மிளா மிதித்தது.
இரண்டு, கொட்டையாகவே இருந்துவிட்டன.

ஐப்பசியில் ஒன்று, கார்த்திகையில் இரண்டு,
குருத்தைத் தொட்டால்
பால்பல் போலக் கையோடு வந்தது.
முகர்ந்தால் ஊறின சாக்கு நாற்றம்.
மிச்சத்துக்குக் கோணி சுற்றினேன். பாலிதீன் கட்டினேன்.
மகனுக்கு வாங்கின கம்பளியையும் போர்த்தினேன்.
அவன் தும்மினான்,
அதன் ஓரம் பழுத்தது.

தை மாதம் கணக்கெடுக்க வந்த
வனத்துறைத் தம்பி இன்பராஜ்
கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
நோட்டில் எழுதினார்: அயல் தாவரம்.
'அயலா? நானும் அதுவும் ஒரே ஊரு' என்றேன்.
'அப்போ உங்களையும் சேத்துல்லா எழுதணும்.'
அவர் சிரித்தார்.
நான் ராத்திரி பாத்திரம் கழுவும்போது சிரித்தேன்.

போகிற போக்கில் பைனாகுலரைக் கொடுத்து
எதிர்ச்சரிவைக் காட்டினார்.
வரைக்கமுகு.
செங்குத்துப் பாறையில் பத்துப் பன்னிரண்டு,
மெலிந்த தண்டும் காற்று கோதிக் கலைத்த தலையுமாய்.
மண் என்று சொல்ல ஒரு கைப்பிடி கிடையாது.
வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் நிற்பு.
யாரும் போர்த்தவில்லை.
தண்ணீர் அதன் தலையில் விழுந்தது,
காலைத் தொட்டது,
போய்விட்டது.

நான் குளிரோடு முன்வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
ஈரம் பின்வாசல் வழியாக வந்து
தின்றுகொண்டிருந்திருக்கிறது.

கம்பளியைத் துவைத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன்.
ரோடு போட இறக்கின ஜல்லியில்
ஏழு சட்டி கேட்காமல் அள்ளினேன்.
மேடு கட்டி, சரிவு வைத்து,
மத்தியானம் தகரச்சுவர் சுடுகிற இடத்துக்கு
ஒரு பாகம் மண்ணோடு பெயர்த்து வைத்தேன்.
பனையைப் பெயர்க்கக் கூடாது என்பார்கள்.
ஒன்றுதானே இருக்கிறது என்ற தைரியம்.

இது ஆறாவது வருஷம்.
ஊரில் இந்நேரம் இடுப்புக்கு வந்திருக்கும்,
இங்கே முழங்கால்.
வருஷத்துக்கு ஓர் ஓலை, அதுவும் யோசித்துத்தான்.
வாள் மாதிரி வந்தவை போய்
சென்ற ஆனியில் விசிறியாய் ஒன்று விரிந்தது,
நடுவில் பூச்சி தின்ற ஓட்டையோடு.

நேற்று களை பறிக்கையில் சுரீர் என்றது.
மணிக்கட்டில் நீளமாய்ச் சிவப்புக் கோடு.
மட்டையைத் தடவிப் பார்த்தேன்.
இரண்டு ஓரமும் கறுத்து
வரிசையாய்க் கருக்கு.

'எதுல கிழிச்சிய?' என்றார் கம்பவுண்டர்.
தகரம் என்றேன்.
ஊசி போட்டார்.
வலிக்கவே செய்தது.